தாமிரபரணியில் துறைமுகம் வருமா? நெல்லை, தூத்துக்குடி, குமரி மூன்றுக்கும் நடுவே ஒரு வழக்கு

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "தாமிரபரணியை மத்திய அரசு 2016லேயே தேசிய நீர்வழியாக அறிவித்துவிட்டது. அப்படியிருந்தும் திருநெல்வேலிக்கு ஏன் ஓர் ஆற்றுத் துறைமுகம் வரவில்லை? புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கட்டினால் நெல்லை, தென்காசிச் சரக்கு நேராகக் கடலுக்குப் போய்விடுமே. எதுவானாலும் தூத்துக்குடிக்கே கொடுப்பது என்ன நியாயம்? குமரி மாவட்டத்தில் திட்டமிட்ட இனயம் துறைமுகம் நின்றுபோனதும் தூத்துக்குடிக்காரர்களின் பொறாமையால்தானே?"

இது ஒரு கேள்வி இல்லை, நாலு கேள்வி. நம் பக்கத்து டீக்கடைகளில் தேர்தலுக்குத் தேர்தல் வந்துபோகிற பேச்சும்கூட. என் பதிலை முதலிலேயே சொல்கிறேன். தாமிரபரணியில் சரக்குத் துறைமுகம் வராது, வரவும் கூடாது. காரணம் அரசியலில் இல்லை, ஆற்றிலேயே இருக்கிறது. இனயம் கதை வேறு. அதில் அரசியலும் உண்டு, பொறாமையும் கொஞ்சம் உண்டு, ஆனால் அதை நிறுத்தியது அவை இரண்டும் அல்ல.

பட்டியலில் இருந்து ஆரம்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு தேசிய நீர்வழிகள் சட்டத்தில் நாடு முழுவதும் 111 நீர்வழிகள் சேர்க்கப்பட்டன. அதில் 99ஆவது தாமிரபரணி. திருநெல்வேலி சுலோச்சனா முதலியார் பாலத்தில் தொடங்கி புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற வரை, அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பார்க்கப் பெரிய சமாச்சாரமாகத்தான் தெரியும். ஆனால் அதே பட்டியலில் மணிமுத்தாறும் இருக்கிறது. அணையிலிருந்து ஆலடியூர் பக்கம் தாமிரபரணியில் சேருகிற வரை உள்ள ஐந்து கிலோமீட்டரும் தேசிய நீர்வழிதான்! சித்திரை மாதத்தில் அந்த ஆற்றைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். நாகர்கோவில் பக்கத்துப் பழையாறும் உண்டு. பட்டியலில் பெயர் வந்தால், அந்த நீரில் கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்குப் போகிறது. அவ்வளவுதான் அதன் பொருள். ஆழமோ பணமோ படகோ அதோடு சேர்ந்து வருவதில்லை. ஆய்வு செய்து, தேறினால்தான் அடுத்த பேச்சு.

சரி, தேறுமா?

1843இல் கட்டிய சுலோச்சனா முதலியார் பாலத்தில் பங்குனி மாதம் ஒருமுறை நின்று கீழே பாருங்கள். ஒரு பக்கம் முழங்கால் அளவு தண்ணீர், இன்னொரு பக்கம் பாறை, நடுவில் அமலைச் செடி. துணி துவைக்கிறவர்கள் ஆற்றுக்கு நடுவிலேயே கல் போட்டிருப்பார்கள். ஓரளவு பெரிய சரக்குப் படகுக்கு ஆண்டு முழுக்க இரண்டு மீட்டர் அளவுக்கு ஆழம் வேண்டும். மழைக்காலத்தில் இங்கே அது கிடைக்கும், ஆனால் அப்போது வருகிற வேகத்தில் எந்தப் படகும் ஆற்றில் நிற்க முடியாது.

பாலத்துக்குக் கீழே போனால் மருதூர் அணை, அதற்கும் கீழே ஸ்ரீவைகுண்டம் அணை. அணைக்கட்டு என்றால் ஆற்றின் குறுக்கே நிற்கிற சுவர். படகு தாண்ட வேண்டுமானால் இரண்டிலும் கதவு வைத்த நீர்ப்பூட்டு கட்ட வேண்டும். பணம் இருந்தால் கட்டிவிடலாம். ஆனால் அந்த அணைகள் எதற்காக இருக்கின்றன? தண்ணீரைக் கடலுக்கு விடாமல் மறித்து, மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என்ற நாலு கால்வாய்களில் திருப்புவதற்காக. அந்த நாலு கால்வாய்களின் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம் மட்டும் சுமார் 46,000 ஏக்கர். நெல்லும் வாழையும் வெற்றிலையும் அதை நம்பித்தான். ஸ்ரீவைகுண்டம் அணை 1870களில் கட்டி முடிந்தது. அதிலிருந்து இந்த ஆற்றின் வழக்கே, வெள்ளம் போக மிச்சத் தண்ணீர் கடலுக்குப் போகக் கூடாது என்பதுதான். கப்பல் விடுகிறவனுக்கு நேர்மாறான தேவை. முகத்துவாரம் வரை நாள்தோறும் தண்ணீர் ஓடினால்தான் அவனுக்குப் பிழைப்பு.

இதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. நம் நாட்டுப் பெரிய துறைமுகங்களில் ஆற்றுத் துறைமுகம் கொல்கத்தா ஒன்றுதான். ஹூக்ளியில் மண் படிந்து கப்பல் வர முடியாமல் போனபோது, கங்கையில் ஃபரக்கா அணை கட்டி 1975 முதல் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். அந்தத் திருப்புக் கால்வாயின் கொள்ளளவு வினாடிக்கு 40,000 கன அடி. அதனால் வங்கதேசத்தோடு வந்த தகராறு பல பத்தாண்டுகள் நீண்டது. இத்தனை செய்தும் மண் அள்ளுவது இன்றுவரை நிற்கவில்லை. ஆழம் தேடிக் கீழே ஹால்தியாவுக்கும் போக வேண்டியிருந்தது. அத்தனைக்கும் ஹூக்ளியில் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிற ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம் உண்டு. ஏற்றத்தைப் பிடித்துக் கப்பல் உள்ளே வந்துவிடலாம். நம் மன்னார் வளைகுடாவில் ஓத ஏற்றம் ஒரு மீட்டரைத் தொடுவதே அபூர்வம். தண்ணீருக்கும் வழியில்லை, ஓதத்துக்கும் வழியில்லை.

அதோடு, பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் இருக்கிற தண்ணீருக்கு ஏற்கெனவே எத்தனை கை நீள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கார் சாகுபடி, பிசானச் சாகுபடி, நெல்லை மாநகரம், தூத்துக்குடி மாநகரம், விருதுநகர் மாவட்டம் வரை போகிற கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள், அப்புறம் தூத்துக்குடி ஆலைகளுக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாளொன்றுக்கு 2 கோடி காலன் கொண்டுபோகிற திட்டம். அந்த ஒரு திட்டத்தை எதிர்த்தே விவசாயிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுத்ததை எதிர்த்து நடந்த போராட்டமும், உயர் நீதிமன்றம் 2016 கடைசியில் போட்ட தடையும், 2017இல் அது நீங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். இந்த நிலையில் "கப்பல் மிதக்க ஆற்றில் தண்ணீர் விடுங்கள்" என்று யார் போய்க் கேட்பது?

"நெல்லை வரை வேண்டாம், முகத்துவாரத்தில் மட்டும் கட்டலாமே" என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் சொல்ல எஞ்சினியர் வேண்டாம், கொற்கைக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். ஏரலைத் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன கிராமம். ஒரு பெரிய குளம், அதன் கரையில் வெற்றிவேல் அம்மன் கோயில், கொஞ்ச தூரத்தில் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில், வழியில் ஒரு கிழட்டு வன்னி மரம். மண்ணைத் தோண்டினால் சங்கும் சிப்பியும் வரும். கடலை மட்டும் காணோம். அது இப்போது ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. சங்கப் பாட்டுகள் புகழ்ந்த பாண்டியனின் முத்துத் துறை இதுதான். கிரேக்கர்களின் குறிப்புகளில் கொல்கோய் என்று வருவதும் இதுவே. கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டுக்குக் கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டு என்று காலம் கணித்தார்கள்.

அந்தத் துறைமுகத்தை எந்தப் படையும் வந்து அழிக்கவில்லை. ஆறு கொண்டுவந்த மண் மூடிவிட்டது. வியாபாரம் கிழக்கே நகர்ந்து காயலுக்குப் போனது. இன்றைய பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயலில் ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து இறங்கின. இன்று பழையகாயலில் கப்பல் நின்ற பக்கம் உப்பளம். அடுத்தது புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தக் கரையில் முதலில் ஊன்றிக்கொண்ட இடங்களில் ஒன்று. அவர்களே பிற்பாடு தூத்துக்குடிக்கு நகர்ந்துவிட்டார்கள். இன்று புன்னைக்காயல் மீனவர்கள் கேட்பது கப்பல் துறை இல்லை. தங்கள் வள்ளம் மணல் திட்டில் தட்டாமல் கடலுக்குப் போய்வர முகத்துவாரத்தைத் தூர்வாரிக் கொடுங்கள் என்பதுதான்.

ஆக, ஒரே ஆறு தன் வாயிலேயே மூன்று துறைமுகங்களை மூடியிருக்கிறது. நாலாவதாகக் கட்டினால் என்ன ஆகும்? வெள்ளக் காலத்தில் ஆறு மேலிருந்து மண்ணைக் கொண்டுவந்து போடும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டு வந்து வாயை அடைக்கும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது இந்த ஆறு என்ன செய்தது என்று பார்த்தோம். ஏரல் துண்டிக்கப்பட்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. அந்த வெள்ளத்தின் பாதையில் சரக்கு மேடையும் கிரேனும் வைப்பதை எந்தக் காப்பீட்டுக்காரன் ஒத்துக்கொள்வான்?

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. கப்பல் வர முகத்துவாரத்தை ஆழமாக வெட்டினால், அதே பள்ளம் வழியாகக் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். கோடையில் எதிர்த்துத் தள்ள ஆற்றில் தண்ணீர் இருக்காது. முக்காணி, ஆத்தூர் பக்கத்துக் கிணறுகள் உவர்க்கும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலைக் கொடி உப்பைப் பொறுக்காது. முதலில் கருகுவது அந்தக் கொடிக்கால்தான்.

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். அதற்கு எல்லாம் சும்மா கிடைத்தது என்ற நினைப்பு நெல்லைப் பக்கம் நிறைய உண்டு. தூத்துக்குடி பிழைத்ததற்கு முதல் காரணம், அது ஆற்று வாயில் இல்லை என்பது. முகத்துவாரத்துக்கு வடக்கே ஒதுங்கி, தீவுகளின் மறைவில் இருக்கிறது. ஆற்று மண் அதை மூடவில்லை. ஆனால் ஆழமும் இல்லை. பழைய துறைமுகக் காலத்தில் பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கும். 1876இல் ரயில் வந்து நெல்லைச் சீமைப் பருத்தி முழுவதும் அங்கே குவிந்த பிறகும் இதே கதைதான். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் துறையில்தான். ஆழ்கடல் துறைமுகம் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் மனுக்கொடுத்து, சேதுக் கால்வாயோடு சேர்த்து ராமசாமி முதலியார் குழு 1950களில் பரிந்துரைத்து, கடலுக்குள் ஆளுக்கு நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல் சுவர் கொட்டி, 1974 ஜூலை 11இல்தான் அது பெரிய துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. சேதுக் கால்வாய் 2005இல் தொடக்க விழா கண்டு 2007இல் நீதிமன்றத்தில் நின்றதோடு சரி.

அந்த 1974இல் தூத்துக்குடி எந்த மாவட்டத்தில் இருந்தது? திருநெல்வேலி மாவட்டத்தில். 1986 அக்டோபரில்தான் பிரிந்தது. ஆக, "நெல்லைக்குத் துறைமுகம் இல்லை" என்ற குறை மாவட்ட எல்லைக் கோடு போட்ட நாளில் பிறந்தது. அரிசி மூட்டைக்கு அந்தக் கோடு தெரியாது. பாளையங்கோட்டையிலிருந்து வாகைக்குளம் வழியாகத் துறைமுகத்துக்கு ஐம்பது கிலோமீட்டர்தான், நாலுவழிச் சாலை. லாரி ஒரு மணி நேரத்தில் கண்டெய்னரை இறக்கிவிடும். அதே கண்டெய்னரை நெல்லை வண்ணாரப்பேட்டையில் லாரியிலிருந்து படகுக்கு மாற்றி, புன்னைக்காயலில் படகிலிருந்து கப்பலுக்கு மாற்றினால், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி இரண்டு மடங்கு. நீர்வழி மலிவு என்பது நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நிலக்கரி, இரும்புத்தாது மாதிரியான மொத்தச் சரக்கு போகிற இடத்தில் உண்மை. நம் வாழைத்தாருக்கும் தாழையூத்து சிமெண்டுக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது.

இனி இனயம். இங்கேதான் கேள்வி கேட்டவரின் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற திசையில் இல்லை.

பின்னணி இது. இந்தியச் சரக்கில் கப்பல் மாற்றி ஏற்ற வேண்டியதில் முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் மாதிரி வெளிநாட்டுத் துறைகளில்தான் மாறுகிறது என்று மத்திய அரசே பலமுறை சொல்லியிருக்கிறது. அதை நம் கரைக்கு இழுக்க ஆழமான ஒரு துறைமுகம் வேண்டும். அதற்குத்தான் போட்டி. 2013-14 மத்திய பட்ஜெட்டில் தூத்துக்குடிக்கு 7,500 கோடி ரூபாயில் வெளித் துறைமுகம் என்று அறிவித்தார்கள். 2015இல் கேரளம் திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஒப்பந்தம் போட்டு வேலையையும் தொடங்கிவிட்டது. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை குளச்சல் பக்கம் இனயத்தில் ஒரு துறைமுகத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. விழிஞ்ஞத்திலிருந்து இனயம் நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட வராது. கேரளம் கத்தியது. தூத்துக்குடி வணிகர்களும் முணுமுணுத்தார்கள். அவர்கள் பக்கத்துக் கேள்வி எளிமையானது. எங்களுக்கு அறிவித்ததை முடிக்காமல் பக்கத்து மாவட்டத்தில் புதிதாக ஒன்று எதற்கு? இதைப் பொறாமை என்றும் சொல்லலாம். ஆனால் குமரியில் சாலையும் வேலையும் வரும் என்று ஆதரித்த நாகர்கோவில்காரர்களிடமும் அதே ஊர்ப்பற்றுதான் இருந்தது. அதை மட்டும் வளர்ச்சி என்று சொல்லிவிட்டு இதைப் பொறாமை என்பது நியாயமா?

திட்டத்தை நிறுத்தியது மீனவர்கள். குமரியின் மேற்குக் கரையில் ஊர்கள் நெருக்கமாக, ஒன்றன் தோளில் ஒன்றாக இருக்கின்றன. சுவர் கொட்டினால் அலை எந்த ஊரைத் தின்னும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். கடலுக்குள் சிறு சுவர் நீட்டிய இடத்திலேயே பக்கத்து ஊர்க் கரை அரித்துப் போனதைப் பார்த்தவர்கள். கல்லுக்காக மலைகளை உடைப்பார்கள் என்று உள்நாட்டு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு இடத்தை கன்னியாகுமரிக்கு அருகே கோவளம், கீழமணக்குடிப் பக்கம் மாற்றிப் பார்த்தார்கள். அங்கும் எதிர்ப்பு. தூத்துக்குடித் துறைமுக நிர்வாகம் 2021 தொடக்கத்தில் அந்தத் திட்டத்துக்காக ஓர் அறிவிப்பை வெளியிட்டு, தேர்தல் நேரத்துச் சூட்டில் திரும்பப் பெற்றது. அதோடு பேச்சு அடங்கியது.

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இனயம் வராதது நல்லதே. அலைக்கும் ஊருக்கும் நடுவே இடம் இல்லாத கரை அது. ஆனால் இந்த இழுபறியில் போன காலம் தமிழ்நாட்டுக்கு நட்டம்தான். விழிஞ்ஞத்தில் 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் (பெரிய கண்டெய்னர் கப்பல்) வந்தது, 2025 மே 2இல் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம். தூத்துக்குடியில் இப்போது 14 மீட்டர் சொச்சம் மூழ்குகிற கப்பல்தான் வர முடியும். 2013இல் சொன்ன வெளித் துறைமுகத்துக்கு 2024 பிப்ரவரி 28இல்தான் அடிக்கல். கேரளத்திலும் மீனவர் போராட்டம் நடந்தது, அங்கும் கரை அரிப்புக் குறை தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஆட்சி மாறியும் ஒரே இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நாம் மூன்று இடத்தைப் பேசிப் பதினொரு வருஷத்தைக் கழித்தோம்.

திருநெல்வேலிக்காரர்கள் இதில் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்றால், தண்ணீருக்குத்தான். வெளித் துறைமுகத்தோடு ஆலைகள் வரும், பசுமை ஹைட்ரஜன் திட்டங்கள் பேசப்படுகின்றன. ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க வேதியியல் கணக்கிலேயே ஒன்பது லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். அது கடல்நீரைச் சுத்திகரித்து வருமா, ஸ்ரீவைகுண்டத்துக் குழாய் வழியே வருமா? இதை இப்போதே, ஒப்பந்தம் எழுதுகிற நேரத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். வடகாலும் தென்காலும் கடைமடை வரை நிறைந்த பிறகுதான் ஆலைக்கு என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகச் சண்டை போட்டால் நெல்லை விவசாயியும் தூத்துக்குடி விவசாயியும் ஒரே பக்கம் நிற்பார்கள்.

முகத்துவாரத்தில் எதுவுமே செய்ய வேண்டாமா என்றால், செய்ய நிறைய இருக்கிறது, எல்லாம் சின்ன வேலைகள். மீன்பிடி வள்ளங்களுக்காக வருஷா வருஷம் தவறாமல் தூர்வார வேண்டும். கரை அரிக்காத இடம் பார்த்து, மாதிரி ஆய்வு முடித்து, தூண்டில் வளைவு (அலை தடுக்கும் வளைந்த கல் சுவர்) போட வேண்டும். நாலைந்து மாதம் ஓடுகிற சுற்றுலாப் படகு வேண்டுமானால், பழையகாயலுக்கும் புன்னைக்காயலுக்கும் நடுவே அலையாத்திக் காடுகள் இருக்கிற கழிகளில் விடலாம். அதற்கு இரண்டு மீட்டர் ஆழம் தேவையில்லை. வனத்துறை அனுமதியும், மண்ணெண்ணெய் கக்காத ஓர் இயந்திரமும் போதும்.